பொட்டு கடித்ததற்கான உண்மைக் காரணம்

என் பெயர் முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. தெருவில் தையல்காரம்மா என்றால்தான் தெரியும். வயது நாற்பத்து மூன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் மாடிவீட்டில் குடியிருந்து, முன்னறையில் தையல் வேலை செய்து வருகிறேன். கணவர் வெளியூரில் வேலையில் இருக்கிறார். அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், என்னோடு தங்கி, அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலைக்குப் போய்வந்தார். பொட்டு என்கிற பெண் நாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் அவர்தான்.

பொட்டுக்குக் கருத்தடை ஆபரேஷனை, வயிற்றைக் கிழிக்காமல் சின்னத் துளைகள் போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோபி முறையில் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். கிழிக்காவிட்டால் வலிக்காது என்று நினைத்தேன். நாத்தனாருக்கு விடுப்பு கிடைக்காததால், ஆபரேஷன் முடிந்ததும் நான் மட்டும் கால்நடை மருத்துவமனைக்குப் போய் நாயை அழைத்து வந்தேன். வெளியே தெரிகிற காயம்தான் சின்னது, உள்ளே சினைப்பையை வெட்டி எடுத்திருக்கிறோம், வலி இருக்கும், மாத்திரையை நிறுத்தாதீர்கள், வயிற்றில் கை கொடுத்துத் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். தலையாட்டினேன். என் கவனம் அப்போது தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மேல் இருந்தது.

மறுநாள் காலை மாத்திரை சாப்பிட்ட நாய் வாலாட்டி நடந்ததைப் பார்த்து, ஆறிவிட்டது என்று எண்ணி, அடுத்த வேளையிலிருந்து நிறுத்திவிட்டேன். நாத்தனார் கேட்டபோது கொடுத்ததாகச் சொன்னேன். அதன் பிறகு நாய் முதுகை வளைத்து நின்றுகொண்டே இருந்தது. படுக்கப் போகும், பாதியில் எழுந்துவிடும். பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். அது துணிக் குவியல் மேல் போய் நின்றதால், நாத்தனாரைக் கூப்பிட்டு அப்புறப்படுத்தச் சொன்னேன். அவர் தயங்கினார்.

“வலிக்கப் போகுது அண்ணி.”

நான் மிஷினை நிறுத்தாமலே, “துளைதானே போட்டிருக்கு, மூக்கு குத்துன மாதிரி. சும்மா தூக்கு” என்றேன்.

அவர் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கியதும் நாய் கத்தி, அவருடைய வலது கைப் பெருவிரலுக்குக் கீழே கடித்தது. கடித்த உடனே விட்டுவிட்டு அவர் காலடியிலேயே ஒண்டிக்கொண்டது.

அதன் பிறகு மருத்துவமனையில், நரம்பு அறுந்திருக்கிறது, கத்தரிக்கோல் பிடிப்பது சந்தேகம் என்றார்கள். அதன் பிறகு கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்து, நகராட்சி ஆட்கள் பொட்டைக் கூண்டு வண்டியில் ஏற்றிப் போனார்கள். கடிநாய் என்று முடிவானால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். நாயும் பிழைக்க வேண்டும், மாத்திரை விஷயமும் வெளியே வரக்கூடாது என்று, இதே காவல் நிலையத்தில், நாத்தனார் துடைப்பக்கட்டையால் அடித்ததால் கடித்தது என வாய் கூசாமல் சொன்னேன். அவர் மறுப்பார், வழக்கு குழம்பி இழுபடும் என்பது என் கணக்கு.

அவர் மறுக்கவில்லை. ஆமாம், அடித்தேன் என்று சொல்லியிருக்கிறார். படித்தவர்தான், வலது கையில் கட்டு இருந்ததால் கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். மிருகவதை வழக்குப் பதிவானதும் வேலைக்கு வரவேண்டாம் என்று அழகு நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

நேற்று சாப்பாடு ஊட்டும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“நான் அடிக்கலேன்னா, அது சும்மா கடிச்சதா ஆயிடும் அண்ணி. அப்புறம் அதை விடமாட்டாங்க” என்றார். ஒரு வாய் வாங்கிக்கொண்டு, “மாத்திரை குடுத்தீங்கல்ல?” என்றார்.

நான் சோற்றை உருட்டி நீட்டினேன். அவர் அடுத்த வாய் வாங்கவில்லை.

அதன் பிறகு பொட்டுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பொட்டை அடைத்து வைத்திருக்கிற நகராட்சிக் காப்பகத்துக்குப் போய் வலி குறைய ஊசி போட்டார். பொட்டு படுத்துத் தூங்கியதாகச் சொன்னார். வலியால் கடித்தது என்று எழுதித் தரவும் சம்மதித்திருக்கிறார்.

நாத்தனார் நாயை அடிக்கவில்லை. முன்பு பொய் சொன்னதற்கு எனக்குத் தண்டனை உண்டு என்று அதிகாரி எச்சரித்தார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன். இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது. முதல் வாக்குமூலத்திலும் இப்படிச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

(கையெழுத்து)