கொம்பு முழுசா விழுந்த காசு

ஆர்வில்: சீக்கிரம் வைடா கர்ட்! காசைக் குழியில வச்சு அழுத்து, ஆல்பத்தை மூடு. கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போக மெர்ல் வந்துடுவான்.

கர்ட்: காபி ஆறுது மாமா. முதல்ல குடிங்க.

ஆர்வில்: ஆறட்டும். அது மெர்ல் கார் சத்தம்தானே?

கர்ட்: பக்கத்து வீட்டுல புல்லு வெட்டறாங்க. சக்கர நாற்காலியில உக்காந்துக்கிட்டே இந்தப் பற பறக்கறீங்களே... கால் நல்லா இருந்திருந்தா ஊரே தாங்காது.

ஆர்வில்: கால் நல்லா இருந்திருந்தா உன்கிட்ட ஏன் குடுக்கறேன்? என் பாக்கெட்லயே போட்டுக்கிட்டு நடந்து தேய்ச்சிருப்பேன்.

கர்ட்: புத்தம் புதுசா இருந்த பழங்காசை வாங்கி, தேயட்டும்னு தபால்காரன் என் பாக்கெட்ல போட்டு அனுப்பின ஒரே ஆளு நீங்கதான். அயோவா மாநிலம் முழுக்கத் தேடினாலும் இன்னொருத்தன் சிக்க மாட்டான்.

ஆர்வில்: சிரி, சிரி. ஆல்பத்துல மத்ததெல்லாம் நாலு கை மாறின காசு. லேசாத் தேஞ்சு, அடக்கமா இருக்கு. நடுவுல இது மட்டும் மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கிட்டு நின்னா கண்ணைக் குத்தாதா?

கர்ட்: லேசாத் தேஞ்சதாவே ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?

ஆர்வில்: கொம்போட கிடைச்சாத்தானே! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறுல டென்வர் நாணயச் சாலையில அடிச்ச அஞ்சு சென்ட் எல்லாம் அரைகுறை. அச்சு அழுந்தவே இல்ல. ஒரு பக்கத்துக் காட்டெருமைக்குக் கொம்பு இருக்காது, மறுபக்கத்துச் செவ்விந்தியனுக்குப் பின்னல் இருக்காது. பிறக்கும்போதே மொட்டை. கொம்பு நுனி வரைக்கும் விழுந்தது எனக்கு இது ஒண்ணுதான்... வை, வை.

கர்ட்: லென்ஸ் எடுத்துத் தரட்டுமா?

ஆர்வில்: எதுக்கு? நேத்துதானே பார்த்தேன்.

கர்ட்: லென்ஸ் இல்லாம நீங்க ரொட்டியைக்கூடக் கடிக்க மாட்டீங்களே.

ஆர்வில்: இன்னிக்கு வேண்டாம்னா விடேன்!

கர்ட்: ...ஷெரில் பேசினாளா?

ஆர்வில்: பேசினா. "எங்களுக்கு விவாகரத்துதான் ஆயிடுச்சே, அப்புறமும் அவரு ஏன்ப்பா தினம் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றாரு?"ன்னு கேட்டா.

கர்ட்: என்ன சொன்னீங்க?

ஆர்வில்: காசு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு காட்ட வர்றான், வேற ஒண்ணும் இல்லைன்னேன். நீ இன்னும் மாமான்னு கூப்பிடறதைச் சொல்லல. அதுக்கு வேற ஒரு மூச்சு கத்துவா.

கர்ட்: மாமா... இந்தக் காசைக் கண்காட்சியில வைக்க வேண்டாம்.

ஆர்வில்: ஏன்? காசு சேக்கறவங்க கிளப்புல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. கண்ணாடிப் பெட்டி துடைச்சு வச்சிருக்கான் மெர்ல்.

கர்ட்: அதுக்குத்தான் சொல்றேன். மெர்ல் குனிஞ்சு ஒரு பார்வை பார்த்தா போதும். உங்க மானமே போயிடும்.

ஆர்வில்: என் மானம், போனா போகட்டும். உனக்கென்ன?

கர்ட்: இது அந்தக் காசு இல்ல மாமா!

ஆர்வில்: ஆல்பத்தை இப்படிக் குடு.

கர்ட்: கத்துங்க. அந்தக் கப்பை எடுத்து எம்மேல வீசினாலும் சரி.

ஆர்வில்: எங்க விட்டே?

கர்ட்: கோர்ட் வாசல்ல. வண்டி நிறுத்தக் காசு போடற மீட்டர்ல. உள்ள போய்க் கையெழுத்துப் போடணும்... எந்தக் காசுன்னுகூடப் பார்க்கல. பாக்கெட்ல இருந்ததை அள்ளி அள்ளி உள்ள போட்டேன். வெளிய வந்து தடவிப் பார்த்தா இல்ல. நகராட்சிக்கு ஓடினேன். அதுக்குள்ள பெட்டியைக் காலி பண்ணிட்டாங்க.

ஆர்வில்: பொண்டாட்டியையும் காசையும் ஒரே நாள்ல தொலைச்சியா! பெரிய ஆளுடா நீ.

கர்ட்: சிரிக்காதீங்க மாமா. கடையில அதே வருஷம், அதே டென்வர் முத்திரை, கொஞ்சம் தேஞ்சதா ஒண்ணு வாங்கினேன். தினம் அதைத்தான் காட்டினேன். நீங்களும் லென்ஸ் வச்சுப் பார்த்து "நல்லாத் தேயுது, நாளைக்குக் கொண்டா"ன்னு சொல்லுவீங்க. திருடன் மாதிரி வீட்டுக்குப் போவேன்.

ஆர்வில்: வராமலே இருந்திருக்கலாமே? எவன் உன்னைக் கேட்டிருப்பான்?

கர்ட்: வராம எங்க போறது? நீங்க சாப்பிட்டீங்களோ இல்லையோன்னு இருக்கும். எனக்கும் அந்த வீட்டுல தனியா சோறு இறங்கல... ஐயோ, இது மெர்ல் வண்டிதான். என்ன சொல்றது? சொல்லுங்க மாமா!

ஆர்வில்: கதவைத் திற. குழி காலியாவே இருக்கட்டும். காசு இன்னும் தேயணும்னு சொல்லிடறேன்.

கர்ட்: கோபமே இல்லையா உங்களுக்கு? கொம்பு கொம்புன்னு உயிரை விடுவீங்களே!

ஆர்வில்: கோர்ட்டுக்குப் போன மறுநாளே கோபப்பட்டு முடிச்சுட்டேன் மாப்ளே. லென்ஸை வச்ச உடனே கொம்பைக் காணோம். கேட்டா நீ வெக்கப்பட்டு இந்தப் பக்கமே வராம போயிடுவியோன்னு பயந்துதான், அந்த மொட்டைக் காசைத் தினம் பார்த்து நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.