அவரு குடிக்கலீங்க

இல்லீங்க நர்சம்மா, அவரு குடிக்கலீங்க. வாசம் வருதுன்னா வரட்டுங்க, நானுந்தான் மோந்து பாத்தேன். ஆனாக் குடிக்கலைங்க.

பேருங்களா? அது... ஊட்டுக்காரரு பேர நான் எப்படிங்க வாயால சொல்றது? பெருமாள் பேருதானுங்க. சென்னன்னு ஆரம்பிச்சுக் கேசவன்னு முடியும். அய்யோ, சொல்லியே போட்டனா. சரி, எழுதிக்குங்க. வயசு முப்பத்தெட்டு. பவுண்டரில உருக்குன இரும்ப அச்சுல ஊத்தற வேலை. என்ற பேரு ரங்கநாயகி.

சித்தெ உக்காருங்க அம்மணி. அந்தச் சின்ன டாக்டரு வந்தாரு, மூஞ்சியப் பாத்தாரு, போதை தெளிஞ்சா எந்திரிச்சுக்குவான்னுபோட்டுப் போயிட்டாரு. நீங்களே பாருங்க. மூஞ்சி செவ்வரளியாட்டச் செவந்து கெடக்குது. நெஞ்சுக்கூடு எப்படித் தூக்கித் தூக்கிப் போடுது பாருங்க. போதைல கெடக்கறவரு எப்படி இருப்பாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஒம்போது வருசம் பாத்தவ நானு.

ஆமாங்க, முன்னெல்லாம் குடிச்சாரு. நான் மறைக்கலை. கள்ளுக்கடை சாராயக்கடையெல்லாம் மூடி இத்தனை வருசமாயும் இந்தாளுக்கு மட்டும் எங்கிருந்தோ கெடைக்கும். கெடைக்காத நாளு மருந்துக்கடைல இஞ்சி டிஞ்சர் சீசா, அதும் பாதி சாராயந்தானுங்க. அதையும் ஒரே மடக்குல. குடிக்கலைன்னாக் கை நடுங்கும். அந்தக் கையோட இரும்பு ஊத்தப் போயி, ஒரு நாளு கரண்டி சாஞ்சு, கூட நின்ன அழகிரிசாமி கால்ல ஊத்திப்போட்டாரு. வேண்டாமுங்க, அதைச் சொல்ல வேண்டாம். முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போட்டாங்க.

அன்னைக்குத் திரும்புனவருதானுங்க. ஆரும் இழுத்துட்டுப் போகலை. அவரா டவுனுக்குப் போயி ஒரு டாக்டரு முன்னால நின்னு, என்னைக் கட்டிப் போட்டாச்சும் நிறுத்துங்கன்னாரு. பன்னெண்டு நாளு படுக்க வெச்சாங்க. மொத மூணு நாளு செவுரெல்லாம் எறும்பு ஊருதுன்னு கத்துனாரு. என்னையவே பாத்து நீ ஆருன்னாரு. நாலாம் நாளு என்ற பேரச் சொல்லித் தண்ணி கேட்டாரு. நான் வராண்டாவுல போயி நின்னு அழுதேன்.

தெளிஞ்ச பொறவு அந்த டாக்டரு எங்க ரெண்டு பேத்தையும் உக்கார வெச்சு, இது கெட்ட புத்தி இல்லீம்மா, சீக்குன்னாரு. சக்கரைச் சீக்காட்ட ஆயுசுக்கும் பாத்துக்கோணும்னாரு. ஒரு மாத்திரை குடுத்தாரு. அது ஒடம்புல இருக்கறப்ப ஒரு வாய் சாராயம் எறங்குனாலும் ஆளையே பொரட்டிப் போட்டுருமாம். அந்தப் பயந்தான் மருந்தாம். ரெண்டு மாசம் எம்முன்னால நின்னு முழுங்குனாரு. பொறவு ஒரு நாளு, போதும் நாயகி, மாத்திரைக்குப் பயந்து நிக்கறது என்ன நிக்கறது, நானா நிக்கோணும்னு நிறுத்திப்போட்டாரு.

நின்னாருங்க. அஞ்சு மாசம். பவுண்டரிச் சங்கு ஊதுனதும் நேரா அழகிரிசாமி ஊட்டுக்குப் போவாரு. ரெண்டு கொடம் தண்ணி எடுத்து ஊத்தி, கட்டைக்காலோட அவரைச் சித்தெ நடக்க உட்டுட்டுத்தான் ஊடு வருவாரு. சில நாளு வாசல்லயே நின்னுக்குவாரு, வேர்த்து ஊத்தும். என்னன்னா, நாக்குக் கேக்குது நாயகி, எதையாச்சும் பேசிட்டு இருன்னுவாரு. பேசுவேன். அரிசி பொடைச்சது, எருமைக்குத் தண்ணி காட்டுனது, எதையாச்சும். அது தணியற வரைக்கும். போன மாசம் முதலாளி கரண்டிய மறுக்கா அவரு கையில குடுத்தாரு. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து ரெண்டு கையையும் எம்முன்னால நீட்டிக் காட்டுனாரு. ஆடலீங்க. துளி ஆடலை.

இன்னைக்கா? அதைத்தான் சொல்ல வாரேன். காத்தால கூழு குடிச்சுப்போட்டு வேலைக்குப் போனாரு. பத்து மணிக்கு வயித்து வலின்னு பக்கத்துல ஒரு கம்பவுண்டருகிட்டப் போயிருக்காரு. அவரு எல்லாத்துக்கும் குடுக்கற வயித்துவலி மிக்சர்தானுங்க குடுத்தது. அதுல டிஞ்சரு கலந்திருக்கும்னு இவருக்கெங்க தெரியும்? அந்த வாசந்தான் உங்களுக்கு அடிக்குது. கால் மணி நேரத்துல மூஞ்சி செவந்து, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி உழுந்துட்டாரு. பவுண்டரியே கூடி நின்னு, மறுக்கா ஆரம்பிச்சுட்டான்னு சிரிச்சுதாம். சேதி கேட்டு நான் ஓடிப்போயி ஜட்கால ஏத்தியாந்தேன். வழி நெடுக என்ற கையப் புடிச்சுட்டு, நான் குடிக்கலை நாயகி, நீயாச்சும் நம்பு, நீயாச்சும் நம்புன்னுட்டே வந்தாரு.

ஆமாங்க, ரெண்டு மடக்கு மிக்சருக்கு ஒருத்தருக்கு இப்படி ஆகாதுதானுங்க. எத்தனையோ பேரு குடிக்கறாங்க. அதைத்தான் நானும்... எந்திரிக்காதீங்க அம்மணி. சித்தெ நில்லுங்க. இப்படி அக்கட்டால வாங்க, அவரு காதுல உழுகாம.

மாத்திரைய நிறுத்துனது அவருதானுங்க. நான் நிறுத்தலை. பழைய சீட்டக் காட்டி வாங்கியாந்து, பொடி பண்ணி, காத்தாலக் கூழுல கரைச்சுக் குடுத்துட்டு இருக்கறேன். அஞ்சு மாசமா. அவருக்குத் தெரியாமக் குடுத்தறாதீங்க, உசுருக்கே ஆகாதுன்னு அந்த டாக்டரு அன்னைக்கே சொன்னாரு. கேட்டனா நானு? சாயங்காலம் சங்கு ஊதறப்பெல்லாம் வாசலுக்கு வந்து, தள்ளாடாம வாராரான்னு நடையப் பாப்பனுங்க. மாத்திரை இல்லாமயே நிக்கறேன் பாத்தியான்னு அவரு சிரிப்பாரு. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கறேன்னு உள்ளுக்குள்ள நெனைச்சுக்குவேன். வண்டில வாரப்பத்தானுங்க எனக்கு வெளங்குச்சு. வயித்துக்குள்ள மாத்திரை போறதே தெரியாதவருக்கு அதும்மேல என்னங்க பயம்? அஞ்சு மாசமும் நின்னது அவருதானுங்க. முழுசா அவருதான்.

பெரிய டாக்டரக் கூப்புடுங்க. சத்தமாவே சொல்லுங்க, அவருக்குக் கேட்டாலும் கேக்கட்டும். என்னதுங்க? இன்னைக்கு எத்தனை குடுத்தேனா?

தெனமும் ஒண்ணுதானுங்க. நேத்து நோம்பிக்குப் பழைய கூட்டாளிக வந்து குடிக்கக் கூப்புட்டாங்க. நான் வரலைன்னு சொல்லித் தாட்டி உட்டுட்டாரு, எம்முன்னாலயே. எனக்குத்தான் மனசு கேக்கலை. இன்னைக்கு ரெண்டாப் போட்டுட்டேனுங்க.