ஆணியில் இல்லாத டப்பா

— தேடுறேன்டி... தேடிக்கிட்டுத்தானே இருக்கேன்.

— எங்க தேடுற? நான் வந்ததுலேருந்து அந்த ஒரே டிரம்முக்குள்ளதான் தலையை விட்டுக்கிட்டு நிக்கிற, அண்ணா.

— இதுக்குள்ள இருக்குமோன்னு ஒரு நெனப்பு.

— அது ஆயில் டிரம். என் காரோட கன்வெர்ட்டர், அந்தப் புகை வடிகட்டுற டப்பா, அதுக்குள்ள எப்படி இருக்கும்?

— பட்டறைன்னா ஆயிரம் சாமான் கிடக்கும். எது எங்க போச்சுன்னு...

— உன் பட்டறையிலயா? ஒரு வாஷரைக்கூட தூக்கிப் போடாத ஆளு நீ. கழட்டுன ஒவ்வொண்ணுக்கும் வண்டி நம்பரைத் தகட்டுல எழுதி ஆணியில மாட்டுவ. கல்யாண போட்டோ மாட்டுறதுக்கு வீட்டுல ஒரு ஆணி அடிக்கலை, பட்டறையில நூறு ஆணி அடிச்சிருக்காருன்னு அண்ணி சொல்லாத நாளில்ல.

— அவ சொல்லுவா. அவளுக்கென்ன.

— இங்க வா. இது என் ஆணி. என் வண்டி நம்பர் தகடு தொங்குது. டப்பா எங்க?

— அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

— நீ யோசிக்கிற மாதிரி தெரியலையே. முழிக்கிற மாதிரில்ல இருக்கு.

— ஏய்... பட்டறைக்குள்ள வந்து என்னையே மெரட்டுறியா?

— மெரட்டல. கேக்குறேன். அதைக் கழட்டிட்டு நேர் குழாய் போட்டது யாரு?

— நான்தான். போடச் சொன்னது யாரு?

— நான்தான். அப்ப எனக்கு அந்தச் சத்தம் பிடிச்சிருந்தது. இப்ப நான் வேலைக்குப் போற மாநிலத்துல அது பிடிக்காது. எல்லையிலேயே நிறுத்தி, அடியில படுத்துப் பாக்குறாங்களாம். கம்பெனி மாட்டுன டப்பா இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. இல்லைன்னா வந்த வழியே திரும்பு.

— அவ்வளவு கெடுபிடியா அங்க?

— உனக்குத் தெரியாதா? நீதானே போன மாசம் ஒரு மணி நேரம் பாடம் எடுத்த.

— சரி... வேற ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம்.

— அந்த மாடல் நின்னு போயி எத்தனை வருஷம் ஆச்சு? புதுசுக்குச் சொல்லி வெச்சா ரெண்டு மாசம் ஆகும்னு சொன்னதும் நீதான்.

— ஆமாமா. சனிக்கிழமைக்குள்ள வராதுதான்.

— என்ன சொன்ன?

— என்ன சொன்னேன்?

— சனிக்கிழமைன்ன.

— நீதானே சனிக்கிழமை கிளம்புற?

— உன்கிட்ட மாசக் கடைசின்னுதான் சொல்லியிருக்கேன்.

— அப்படியா... அப்ப உங்கண்ணி சொல்லியிருப்பா.

— அண்ணிகிட்டயும் மாசக் கடைசின்னுதான் சொன்னேன். சனிக்கிழமைங்கிறதை ஒரே ஒருத்தர்கிட்டதான்...

— யாரு அந்த ஒருத்தர்?

— அது உனக்கெதுக்கு?

— இது நல்லாருக்கே! என்னைக் குடைஞ்சு குடைஞ்சு கேக்கலாம், நான் ஒரு கேள்வி கேட்டா எதுக்குன்னு கேப்பியா?

— பேச்சை மாத்தாத அண்ணா. கொஞ்சம் தள்ளு... ம்ம். இந்தா, பாரு.

— என்னத்தைப் பாக்க?

— சுவரு முழுக்க ஒரு விரக்கடை தூசி. என் ஆணிக்குக் கீழ மட்டும் டப்பா அளவுக்கு சுத்தமா இருக்கு. இது எப்பவோ தொலைஞ்சது இல்ல. இந்த வாரம் எடுத்தது.

— நீ தப்பான வேலைக்குப் போற. போலீஸ்ல சேர்ந்திருக்கணும்.

— வித்துட்டியா?

— சீ! உன் சாமானை விப்பேனா?

— வேற வண்டிக்கு மாட்டிட்டியா?

— இல்லடி.

— அப்ப ஒளிச்சு வெச்சிருக்க.

— டீ குடிக்கிறியா?

— அண்ணா!

— இப்ப நான் கேக்குறேன், நீ சொல்லு. ரயில்ல போயேன். ராத்திரி ஏறினா காலையில அங்க. ஆபீஸ்காரன் வீடு தர்றான், வாசலுக்கு பஸ் விடுறான். இந்த வண்டியை எதுக்கு இழுத்துக்கிட்டுப் போற?

— எனக்கு வண்டி வேணும்.

— எதுக்கு?

— வேணும்னா வேணும்.

— சரி, அதை விடு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வந்து, ஸ்பிரிங்கை மாத்தி வண்டியைத் தூக்கி விடுன்ன. தரையோட ஒட்டி ஓடணும்னு ஒத்தைக் கால்ல நின்னவ நீ.

— ரோடு மோசம். மலைப் பாதை வருது.

— ரேஸ் சீட்டைக் கழட்டச் சொன்ன. அதுவும் ஓட்டுற சீட்டை இல்ல, பக்கத்துச் சீட்டை. நல்லா பின்னால சாயுற பழைய சீட்டா மாட்டச் சொன்ன.

— சாமான் வெக்கத்தான்.

— சாமான் சாஞ்சு படுத்துக்கிட்டா வரும்? இப்ப யாரு முழிக்கிறா?

— நான் முழிக்கல.

— இன்னிக்கு டிக்கியைத் தொறந்தேன். ஒரு ஃபிளாஸ்க். ஒரு தலையணை. கால் வெச்சு ஏறுறதுக்கு ஒரு குட்டி ஸ்டூல். யாருடி அது? வயசான மாப்பிள்ளையா பாத்துட்டியா?

— ஐயோ, போண்ணா!

— தலை நரைச்சிருந்தாலும் பரவாயில்ல, சொல்லிடு. கல்யாணத்துக்கு நானே ஒரு கைத்தடி வாங்கித் தர்றேன்.

— சிரிக்காத. எனக்குக் கோவம் கோவமா வருது.

— நானும் விளையாடலை. உன் வாயால வரட்டும்னுதான் கேக்குறேன்.

— என் வாயால எதுக்கு வரணும்? நீ என்ன பண்ணியிருக்கன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. நான் போறது உனக்குப் பிடிக்கல.

— யாரு சொன்னா? ஆர்டர் வந்தன்னிக்கு ஊர் முழுக்க ஸ்வீட் குடுத்தவன் நான்.

— ஸ்வீட் குடுத்துட்டு டப்பாவை எடுத்துட்ட. வண்டி இல்லாம நான் போக முடியாதுன்னு உனக்குத் தெரியும்.

— நீ போகலாம். தாராளமா போகலாம். நாளைக்கே ரயில் ஏத்தி விடுறேன். வண்டியை நான் பத்திரமா...

— தனியா போகச் சொல்றியா?

— தனியா இல்லாம? வேற யாரு வர்றா? சொல்லேன்டி.

— அம்மா.

— ம்.

— அம்மா என்கூட வர்றாங்க. போதுமா? அந்தச் சீட்டு அம்மாவுக்கு. ஸ்டூலு அம்மாவுக்கு. ரயில்ல அவ்வளவு நேரம் உக்காந்தா அவங்க இடுப்பு தாங்காது, விமானம்னாலே காதைப் பொத்திக்கிறாங்க. வண்டியில போனா அங்கங்க நிறுத்தி, படுக்க வெச்சு, மெதுவா கூட்டிட்டுப் போவேன். அதுக்குத்தான் வண்டி.

— ம்.

— என்ன ம்? கத்துவன்னு நெனச்சேன்.

— கத்தி என்ன ஆகப்போவுது.

— நான்தான் மறைச்சேன், ஒத்துக்கிறேன். போய்ச் சேர்ந்துட்டு போன் பண்ணிச் சொல்லலாம்னு இருந்தோம். முன்னாடியே சொன்னா நீ விட மாட்ட.

— நான் விட மாட்டேன்னு யாரு சொன்னா?

— அம்மாதான். உங்கண்ணன்கிட்ட மூச்சு விடாதே, அவனுக்கு நான் சொல்லிக்கிறேன்னாங்க.

— ஓ.

— தப்பா நினைச்சுக்காத. ஆனா நீயே சொல்லு, உன் வீட்டுல அவங்களுக்கு என்ன ஓய்வு? காலையில உன் பசங்களைக் குளிப்பாட்டி, சோறு கட்டி, ஸ்கூலுக்கு அனுப்பி... அண்ணியைக் குறை சொல்லல, அவங்களும் வேலைக்குப் போறாங்க. ஆனா இந்த வயசுல அம்மாவுக்கு அது தேவையா?

— தேவையில்லதான்.

— அங்க என்கூட சும்மா இருப்பாங்க. ஜன்னல்கிட்ட கட்டில் போடுறதா சொல்லியிருக்கேன். அம்மா வர்றேன்னு சொன்னதாலதான் நான் வேலைக்கே சரின்னு எழுதிக் குடுத்தேன் அண்ணா. தெரியாத ஊரு. பேச ஒரு நாதி இருக்காது. அவங்க இல்லாம அந்த வீட்டுக் கதவைத் தொறக்கிறதை நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு.

— இவ்வளவு பயமாடி உனக்கு?

— பின்ன? சத்தமா வண்டி ஓட்டுனா தைரியசாலின்னு அர்த்தமா?

— இதை நீ மொதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— சொன்னா என்ன பண்ணியிருப்ப? டப்பாவை ரெண்டு வாரம் முன்னாடியே ஒளிச்சிருப்ப.

— வந்து... நான் ஒண்ணு சொல்றேன், கேளு. மொதல்ல நீ மட்டும் போ. ஒரு மாசம் நானும் வந்து உன்கூட இருக்கேன். பட்டறையைப் பூட்டிடுறேன்.

— நீயா? ஞாயித்துக்கிழமைகூடப் பூட்டாத ஆளு?

— பூட்டுவேன்டி. சத்தியமா. சமைச்சும் போடுறேன்.

— உன் சமையலுக்கு அந்தப் பயமே தேவலை. ஏண்ணா சுத்தி வளைக்கிற? அம்மாவைத் தவிர எல்லாத்தையும் தர்றேங்கிற.

— அம்மாவைக் கொஞ்சம் விட்டுடு. இந்தப் பேச்சு இதோட போகட்டும்.

— ஏன் விடணும்? அம்மா உனக்கு மட்டும் எழுதி வெச்ச சொத்தா? என்கிட்ட வர்றேன்னு எவ்வளவு ஆசையா சொன்னாங்க தெரியுமா? என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க. நீ ஒரு இரும்பு டப்பாவை ஒளிச்சு வெச்சு அவங்களைக் கட்டிப் போடுற.

— போதும்டி.

— போதாது. சம்பளமில்லாத ஆள் கைவிட்டுப் போயிடுமேன்னு பயம் உனக்கு.

— வேணாம்... வார்த்தையை விடாதே.

— அப்படித்தான் விடுவேன்! சனிக்கிழமைன்னு அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவங்களைக் கத்தி மிரட்டி வாயைப் பிடுங்கியிருப்ப. அழ வெச்சியா?

— அழுதாங்க. நான் அழ வெக்கல.

— அப்ப அந்த டப்பாவைக் குடு. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு, நானே எடுத்துக்கிறேன். சொல்லுண்ணா. ஏன் தலையைக் குனிஞ்சுக்கிற? என்னைப் பாத்து சொல்லு.

— அம்மா கட்டிலுக்கு அடியில இருக்குடி... அவங்களேதான் பட்டறைக்கு வந்து, ஆணியிலேருந்து எடுத்து, முந்தானையில மூடித் தூக்கிட்டுப் போனாங்க. "புள்ள அவ்வளவு ஆசையாக் கூப்பிடுறா, வரலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலடா... வண்டி கிளம்பலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்காதுல்ல"ன்னாங்க.