பதியாத தாலி

ஜெர்மனியில், வுப்பர்டால் போகும் எஸ்-பான் ரயிலில் எனக்கு எதிரே ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவள் சொன்ன ஒரு வசனத்தில் நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன்.

“அம்மா, அப்பா உங்களைக் கலியாணம் கட்டேல்லை எண்டு எழுதினால் எனக்கு பிரிட்டிஷ் குடியுரிமை தருவினம்.”

“ஆர் சொன்னது கட்டேல்லை எண்டு?”

“சட்டந்தான். கோயில்ல தாலி கட்டினதை இஞ்ச கலியாணமா எடுக்கிறேல்லை. அப்பா அப்பவே பிரிட்டிஷ்காரர். நீங்கள் நகரசபையில பதிஞ்சிருந்தால், நான் இஞ்ச பிறந்த உடனேயே எனக்கும் அது வந்திருக்கும்.”

“ஊரில இருந்து என்ர பிறப்புப் பத்திரம் வரேல்லை, பிள்ளை. வந்தாப் பிறகு பதிவம் எண்டுதான் இருந்தனாங்கள். அதுக்குள்ள அவர் செத்துப்போனார்.”

“தெரியும் அம்மா. கட்டாதவைக்குப் பிறந்த பிள்ளையளும் இப்ப கேக்கலாமாம். ஆனா நீங்கள் ஓம் எண்டாத்தான் நான் அன்ட்ராக் படிவத்தை நிரப்பி அனுப்புவன்.”

ரயில் ஒரு நிலையத்தில் நின்று மறுபடி புறப்பட்டது. தாய் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுது,” என்றார் கடைசியில். “கட்டேல்லை எண்டே எழுது.”

மகள் அவருடைய கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“ஆனா, நான் இவ்வளவு வருசமாப் பொட்டு வைக்காமல் இருந்தது ஆருக்காக எண்டு கேட்டினமெண்டால், அதுக்கும் நீயே ஒரு பதிலை எழுது.”