மதகு நாள்

சர்க்கரை போடாத டீ கேட்டதும் உங்கள் கான்ஸ்டபிள் என் வயிற்றைப் பார்த்தார். தப்பில்லை. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு ஒருவன் சர்க்கரை வேண்டாமென்றால் பார்க்கத்தான் தோன்றும். ஆனால் உணவு விஷயத்தில் நான் கட்டுப்பாடானவன். எமர்ஜென்சி வந்த பிறகு ஊரெல்லாம் ஒழுங்கு ஒழுங்கு என்கிறது. நான் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

என் பெயர் யக்ஞநாராயணன். சொந்த ஊர் பாலக்காட்டுக் கல்பாத்தி. பள்ளிவாசல் பவர் ஹவுஸில் ஆபரேட்டர். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், சார். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். விளக்கிச் சொல்வது எனக்குப் பிடித்த காரியம்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர்தான் முதலில் சொன்னது. என்னை எடை மிஷினில் ஏற்றினார், முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தார், "கொஞ்சம் குறைச்சா நல்லது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மருந்துகூட எழுதவில்லை. சாதாரண ஆளாக இருந்தால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்திருப்பான். நான் யோசித்தேன்.

எங்கள் பவர் ஹவுஸில் மேலே தேக்கின தண்ணீர் இரும்புக் குழாய் வழியாக மலைச்சரிவில் இறங்கி வருகிறது. குழாயின் வாயில் ஊசிபோல ஒரு வால்வு. அதன் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு போய்ச் சக்கரத்தின் கிண்ணங்களில் அடிக்கிறது, சக்கரம் சுற்றுகிறது. ஊசியை முன்னே தள்ளினால் தண்ணீர் குறையும், சக்கரம் அடங்கும். இவ்வளவு பெரிய மலை, இவ்வளவு தண்ணீர், எல்லாம் ஒரு ஊசிக்குக் கட்டுப்படுகிறது. உடம்பும் அப்படித்தான். வாய் என்பது ஒரு வால்வு. அதை யாராவது பொறுப்பாகக் கையாள வேண்டும்.

வீட்டுக்கு வந்து என் மனைவி சேஷம்மாளிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏன்னா, பயப்படும்படியாவா சொன்னார்? நெஞ்சு நின்னுபோயிடும்னாரா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்," என்றேன். கொஞ்சம் பயம் இருந்தால் வீட்டில் ஒத்துழைப்பு நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

ஒத்துழைப்பு நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் சாப்பிடுவாள். அவள் பிறந்த வீட்டில் கற்றுக்கொண்டு வந்தது அது. இங்கே மலையில் வாழையிலைக்குப் பஞ்சம், அடிமாலி பஸ்ஸில் வந்தால்தான் உண்டு. அதனால் ஒரு இலையில் இரண்டு பேர் சாப்பிடுவதை நானும் சிக்கனமாகவே நினைத்தேன். அன்றைக்கு அவள் மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து நேர்ச்சை நேர்ந்துகொண்டாள்.

"குருவாயூரப்பா, இவர் எடை எறங்கற வரைக்கும் இவர் எலையிலே என்ன மிஞ்சறதோ அதுதான் நேக்கு ஆகாரம். வேறொண்ணும் வாயிலே வைக்கமாட்டேன்."

நான் தடுத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். எடை குறைக்கிறவன் வீட்டில் மிச்சம் இருக்கக் கூடாது. மிச்சம் கண்ணில் பட்டால் கை தானாகப் போகும். அவளுக்கென்று தனியாகச் சமைத்தால் தாளிக்கிற வாசனைக்கே என் வைராக்கியம் உடைந்துவிடும். ஆக, நேர்ச்சை என் திட்டத்துக்கு அழகாகப் பொருந்தியது. அரிசியை நானே ஆழாக்கில் அளந்து கொடுத்தேன். எனக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. ஒரு பருக்கை மிஞ்சாமல் அளப்பது சுலபமில்லை, சார். பழக்கத்தில் எனக்குக் கை வந்துவிட்டது. இலையில் ஒட்டின குழம்பும் வழிந்த மோரும்தான் அவளுக்கு மிஞ்சும்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கு நான் பூட்டுப் போட்டதில்லை. அரிசிப் பானை திறந்தேதான் இருந்தது.

இனி, எல்லோரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எடை குறைக்கும்போது நடுவில் ஒரு நாள் ஆசைப்பட்டதைச் சாப்பிடலாமா? கூடாது என்பார்கள் சிலர். அவர்கள் அணையைப் பார்த்ததில்லை. அணை எவ்வளவு கெட்டியானாலும் மதகு என்று ஒன்று வைத்துத்தான் கட்டுகிறார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே போனால் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் அணையே போய்விடும். மனசில் ஆசையும் அப்படித்தான் ஏறும். அதனால் வாரத்தில் ஒரு நாளை மதகு நாள் என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்கு டியூட்டி முடிந்ததும் நேரே மூணாறு பஜார், பிராமணாள் ஹோட்டல். நெய் ரோஸ்ட், உருளைக்கிழங்கு போண்டா, கோதுமை அல்வா. கூட வேலை செய்யும் வீரபாண்டி, போடிக்காரன், ஒரு தரம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமி, வயித்துக்கு வாரம் ஒருநா லீவுன்னு சொன்னீக. எனக்கென்னமோ ஓவர்டைம் மாதிரில்ல தெரியுது," என்றான்.

படிப்பில்லாதவன். சிரித்துவிட்டு இன்னொரு துண்டு அல்வா சொன்னேன்.

மதகு நாளில் வீட்டில் நான் சாப்பிடுவதில்லை. நான் சாப்பிடாவிட்டால் இலை இல்லை. இலை இல்லாவிட்டால் அவளுக்கும் இல்லை. ஏகாதசிகளோடு இதுவும் சேர்ந்துகொண்டது. அதனால் என்ன, அடுப்புக்கும் ஓய்வு வேண்டாமா?

ஒரு மதகு நாள் காலையில், நான் சட்டை போடும்போது, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்னா, கோச்சுக்கப்படாது. இன்னிக்கு ஒருநாள் மூணாறுக்குப் போகாம இருக்கப்படாதா? கொஞ்சம் வேகமா எறங்குமோன்னு பாத்தேன்."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. உட்கார வைத்து அணை, மதகு, தண்ணீரின் அழுத்தம் எல்லாவற்றையும் ஸ்லேட்டில் படம் போட்டு விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். நல்ல கேள்விகூட ஒன்று கேட்டாள்.

"அப்போ மதகு தொறக்கற தண்ணி யார் வயல்லே போய் விழறது?"

அது இதில் சேராது என்றேன்.

ஒரு தரம் நான் வாங்கி வந்த அல்வாவை வாசல்படியிலேயே முடித்துவிட்டுக் காகிதத்தைப் போட்டிருந்தேன். பால் ஊற்றுகிற சுருளியம்மாள் மறுநாள் தூக்குவாளியை நங்கென்று வைத்தாள்.

"ஏன் சாமி, அம்மாவுக்குச் சோறு போடுறீகளா, இல்ல கரெண்டு குடுத்தே ஓட்டுறீகளா? அல்வா மடிச்ச காயிதத்த எடுத்து நக்கிக்கிட்டு இருக்காக. எங் கண்ணால பாத்தேன்."

பக்கத்து வீட்டு விஷயத்தில் இவர்களுக்கு இருக்கிற அக்கறையைப் பாலில் தண்ணீர் கலக்காமல் இருப்பதில் காட்டலாம். ஆனாலும் நான் உள்ளே போய்ச் சேஷம்மாளிடம் கோபப்படாமல் எடுத்துச் சொன்னேன்: காகிதத்தில் ஒட்டின நெய்யும் ஆகாரம்தான், நேர்ச்சை என்றால் நேர்ச்சை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்படிச் செய்யவில்லை. அவளிடம் ஒரு தடவை சொன்னால் போதும்.

அவள் மெலிந்துகொண்டு வந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். நான் குருடனில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. நழுவாமலிருக்க நூல் சுற்றிக் கொடுத்தவனே நான்தான். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமைகூட. நான் இவ்வளவு திட்டம் போட்டும் ஆஸ்பத்திரி முள்ளை அசைக்க முடியவில்லை. அவள் ஒரு திட்டமும் இல்லாமல் இப்படி இளைத்துவிட்டாள். என் எடை இறங்கினால்தான் அவள் நேர்ச்சை முடியும், மதகு நாளை விட்டால்தான் என் எடை இறங்கும், இது எனக்குத் தெரியாதா என்றால், அதுவும் தெரியும். இரண்டு சக்கரம் பல்லோடு பல் பொருந்தினால் எது எதைச் சுற்ற வைக்கும் என்று தெரிவதுதானே என் பிழைப்பு.

பிறகு ஒருநாள் குழாயடியில் விழுந்துவிட்டாள். சுருளியம்மாளும் வீரபாண்டியும் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கவில்லை என்று பிறகு வீரபாண்டி சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் நிறையப் பேசினார்.

"கஞ்சித்தண்ணி. கரண்டி கரண்டியா. மெல்ல மெல்ல, ஆழ்ச்சக் கணக்கில. பட்டினி கிடந்த உடம்பு இது. ஒரேயடியா சத்யை போட்டா இருதயம் தாங்காது. மனசிலாயோ?"

இங்கே ஆழ்ச்ச என்றால் வாரம், சத்யை என்றால் விருந்து. எனக்கு உடனே மனசிலாயிற்று. அவருக்கே நான் விளக்கினேன்: பராமரிப்புக்காகக் காலி செய்த குழாயில் மறுபடி தண்ணீர் விடும்போது பெரிய வால்வைத் திறக்கவே கூடாது. பக்கத்தில் சின்னக் குழாய் ஒன்று இருக்கும். அது வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். மொத்தமாக விட்டால் குழாய் வெடித்துவிடும். வேலையில் சேர்ந்த வாரமே கற்றுக்கொடுப்பார்கள். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அது தன்னெ," என்றார். அதேதான் என்று அர்த்தம்.

அவர் அங்கேயே தங்கச் சொன்னார். நான்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கஞ்சித்தண்ணி கொடுத்தால் அவள் வாயைத் திறக்கவில்லை, நேர்ச்சை முடியவில்லையாம். அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கை ராமலட்சுமியிடமிருந்து தந்தி. யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாலக்காட்டில் பள்ளிக்கூட டீச்சர். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டே பழகின பெண். மறுநாள் பகல் பஸ்ஸில் வருகிறாள்.

நான் சேஷம்மாளைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உள்ளே போய், பல் மட்டும் முன்னால் நின்றது. இந்தக் கோலத்தில் ராமலட்சுமி பார்த்தால் என்ன நினைப்பாள்? கல்பாத்தியில் நாலு தெருவிலும் என் பெயர் என்ன ஆகும்? கரண்டி கரண்டியாக நிரப்ப வாரக்கணக்கு வேண்டும். எனக்கு இருந்தது ஒரு பகல்.

"என் எடை எறங்கிடுத்து," என்று சொன்னேன். "டாக்டரே சொல்லிட்டார். உன் நேர்ச்சை முடிஞ்சுது."

அது பொய். நான் ஏறித்தான் இருந்தேன்.

அவள் அழுதாள். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே போய் விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். தனக்குச் சாப்பாடு கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷமில்லை, சார். என் நெஞ்சு இனிமேல் நிற்காது என்ற சந்தோஷம்.

அன்றைக்கு நானே சமைத்தேன். மத்தனும் பயறும் போட்டு எரிசேரி, மொளகூட்டல், நேந்திரங்காய் உப்பேரி, பப்படம், பால் பாயசம். புது இலை போட்டு அவளை முதலில் உட்கார வைத்தேன். கல்யாணமான நாளாக இல்லாத அதிசயம்.

"நீங்கோ சாப்பிடாம நான் எப்படி..." என்றாள்.

"இன்னிக்கு உன் மதகு நாள்," என்றேன்.

முதல் பிடி தொண்டையில் இறங்க நேரமாயிற்று. பிறகு சாப்பிட்டாள். சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். பாயசம் ஊற்றும்போது இலையை மறைத்துக் கையை வைத்தாள்.

"போறும்னா. நேக்கு மதி. மூச்சு முட்டறது."

"இன்னும் ஒரு கரண்டி. நாளைக்கு ராமலட்சுமி வரா. கன்னம் கொஞ்சம் உப்பணும்."

கையை எடுத்தாள். ஊற்றினேன். பிறகு இன்னொரு கரண்டி. அவள் என்றைக்கும் என் பேச்சை மறுத்ததில்லை. சாயங்காலம் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று சுருளியம்மாள் கேட்டாள். ஜீரணமாகிறது என்று அனுப்பிவிட்டேன். கன்னம் உண்மையிலேயே கொஞ்சம் உப்பியிருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. காலையில் பார்த்தால் உயிர் இல்லை.

ராமலட்சுமி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தாள். அழவில்லை. துணியை விலக்கி அக்காவின் கையைப் பார்த்தாள். வளையலில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தாள்.

"அத்திம்பேரே, எங்கக்காவுக்கு என்ன போட்டேள்?"

"பால் பாயசம்," என்றேன். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்.

அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை. டாக்டர் எச்சரித்தது உண்மை. எனக்குப் புரிந்தது உண்மை. வெடிக்கும் என்று தெரிந்தே பெரிய வால்வைத் திறந்தவன் நான்; வேண்டாமென்று மறைத்த கையை எடுக்கச் சொன்னவனும் நான். இதை இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும். அத்தனை மாதம் என் கண்டிப்பில் அவள் உயிரோடுதான் இருந்தாள். நான் மனம் இளகி இடம் கொடுத்த அந்த ஒரே நாளில்தான் போனாள்.