'ஆம்' போடாத டயானா

தலைமையேற்று, எனக்குப் பத்தே நிமிடம் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிப் புன்னகைக்கும் பெரியவர், நோட்டுப் புத்தகக் கடை அப்துல் சமத் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெற்றோர் சங்கத்துப் பெருமக்களே! சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கடையைப் பாதியில் கட்டிவைத்துவிட்டு, மடியில் பையும் மனத்தில் பிள்ளையுமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு கண்ணை அதன் மேலேயே வைத்திருக்கும் தந்தையரே! 'இந்த மிஸ் எப்போது முடிப்பார்' என்று ஏங்கும் மாணவச் செல்வங்களே! இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் விற்றே அரிசி வாங்கிய நீரஜா நான், உங்கள் அனைவருக்கும் தமிழிலேயே வணக்கம் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிக்க, எழுத, பேசக் கற்றுத்தரும் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கிவைக்க என்னை அழைத்தார்கள். வந்தேன். வாசலில் ஒரு பேனர் பார்த்தேன். 'முப்பதே நாளில் முத்து முத்தாய் ஆங்கிலம்!' முப்பது நாளில் புக் பண்ணின கேஸ் சிலிண்டரே வருமா என்று தெரியாத ஊரில், முழுதாக ஒரு மொழி வந்துவிடுமாம்! யார் ஐயா இந்தப் பேனர் அடித்தது?

என்ன? தலைவர்தானா? மன்னிக்க வேண்டும், ஐயா. மன்னிக்காவிட்டாலும் பேசத்தான் வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அடையாற்றில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். பளபளக்கும் பளிங்குத் தரை, படிக்கட்டெங்கும் பூந்தொட்டி, பார்க்கும் இடமெல்லாம் ஒரே பலகை: 'இங்கே ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும்.' விளைவு என்ன? பிள்ளைகள் ஆங்கிலம் பேசினார்களா? பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்! ஆயிரம் பிள்ளைகள் உள்ள பள்ளியில் அப்படி ஓர் அமைதி. பார்க்க வந்த பெற்றோர் 'ஆஹா, என்ன ஒழுக்கம்' என்று புல்லரித்துப் போனார்கள்.

ஒருநாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் குளவி கொட்டிவிட்டது. கன்னம் பணியாரமாக வீங்கிவிட்டது. அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தாள். குளவிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. தமிழில் பேசுகிற பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். வலியோடு நின்று யோசித்து யோசித்து, கடைசியில் சொன்னாள்: "மிஸ், பீ-யோட பிக் பிரதர் பைட் மீ!"

தேனீயின் அண்ணன் கடித்துவிட்டானாம்! சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அந்தக் குழந்தை சிரிக்கவில்லை.

அந்தப் பள்ளியின் முதல்வர் விஜயராகவன். கோட்டைக் கழற்றாதவர், மே மாதத்திலும் கழற்றாதவர். வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்றைப் பள்ளிக்கு வாங்கிவிட வேண்டும் என்று துடித்தார். அதற்காக ஒரு குழு வந்து பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் உரையாடப் போகிறது. உடனே ஒரு நிறுவனத்திலிருந்து பயிற்சியாளர்கள் வந்தார்கள். முப்பது பிள்ளைகளைப் பொறுக்கினார்கள். ஒரே கட்டுரையை முப்பது பேருக்கும் மனப்பாடம் ஆக்கினார்கள். என்ன கட்டுரை தெரியுமா? 'எனக்குப் பிடித்த பருவம் குளிர்காலம். பனி பெய்யும். நாங்கள் பனி மனிதன் செய்து விளையாடுவோம்.'

அடையாற்றில் எங்கே ஐயா பனி? டிசம்பர் வந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருமா என்று வாசலையே பார்த்திருக்கும் பிள்ளைகளிடம், பனி மனிதனுக்கு மூக்கு வைக்கக் கேரட் கேட்கிறார்களே! மழையில் புத்தகப் பையைப் பரணில் ஏற்றிய கதையை எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளை பத்துப் பக்கம் எழுதாதா? யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நானும் கேட்கவில்லை.

இனி டயானாவுக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பு. வீடு பட்டினப்பாக்கத்தில். அம்மா தேசம்மா, அங்கேயே மீன் விற்பவர். கல்வி உரிமைச் சட்டம் தந்த கட்டணமில்லா இடத்தில் சேர்ந்த பிள்ளை. வகுப்பில் வாயைத் திறக்கவே மாட்டாள். திறந்தால் தமிழ் வந்துவிடும். வந்தால் பெயர் பலகைக்குப் போய்விடும். ஆனால் கண்ணில் பட்ட ஆங்கிலத்தை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மாத்திரை அட்டை, பஸ் போர்டு, ஐஸ் பெட்டி மேல் ஒட்டிய காகிதம், எதையும் விடமாட்டாள். குப்பத்துப் பெண்களுக்கு வங்கிச் சீட்டு நிரப்பித் தருவதும் அவள்தான்.

வரப்போகும் குழு இவளிடம் ஏதாவது கேட்டுத் தொலைத்தால்? சான்றிதழ் என்னாவது? சட்டப்படி அவளை வெளியே அனுப்ப முடியாது. ஆனால் அவர்களே போய்விட்டால்? முதல்வர் ஒரு கடிதம் அடித்தார். ஆங்கிலத்தில். அதை என் மேசையில் வைத்து, "கிராமர் மட்டும் பாருங்க, மிஸ்" என்றார்.

பார்த்தேன். இரண்டு இடத்தில் கமா போட்டேன். 'வாலண்டரிலி' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்த்தேன். கடிதம் என்ன சொல்கிறது என்று புரிந்தும் சேர்த்தேன். ஆம், தாய்மார்களே! கழுத்தறுக்கிற கத்திக்குச் சாணை பிடித்துக் கொடுத்தவள் உங்கள் முன்னால்தான் நிற்கிறேன்.

மறுநாள் தேசம்மாவை வரச் சொன்னார்கள். மீன் கூடையை வாசல் கேட்டிலேயே இறக்கிவைக்கச் சொல்லிவிட்டார் செக்யூரிட்டி. ஏசி அறை. முதல்வர், நான், தேசம்மா, பக்கத்தில் டயானா. முதல்வர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"ஒரு சின்ன ஃபார்மாலிட்டிம்மா. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

"இன்னா சார் எழுதிக்கீது?"

"எல்லாம் உங்க பொண்ணோட நல்லதுக்குத்தான்."

"நல்லதுன்னா தமிழ்லயே எழுதியிருக்கலாமே, சார்?"

முதல்வர் தாளை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். தேசம்மா தாளை மகளிடம் கொடுத்தார். "நீதானே இங்கிலீசு ஸ்கூல்ல படிக்கிற. இன்னான்னு படிச்சு சொல்லு."

முதல்வர் சிரித்தார். "இவளா? படிக்கட்டுமே!" என்றார். தன் பள்ளியில் ஏழு வருடம் படித்த பிள்ளைக்கு ஒரு கடிதம் படிக்கத் தெரியாது என்பதில் அந்த மனிதருக்கு எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

டயானா ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரல் வைத்து நகர்த்தினாள். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஒரு வரி போயிற்று. இரண்டாம் வரியில் விரல் நின்றது. "வித்... ட்ரா" என்றாள். நிமிர்ந்தாள்.

"எம்மா, பேங்க்ல துட்டு எடுக்க நிரப்புவோமே, அந்தச் சீட்டுல கீற வார்த்தைம்மா இது. வெளிய எடுக்கறது. பக்கத்துல என் பேரு கீது. என்னிய வெளிய எடுக்கறாங்கம்மா."

பிறகு என்னைப் பார்த்தாள். "மிஸ், வாலண்டரிலின்னா இன்னா, மிஸ்?"

அந்த அறையில் தமிழில் கேட்டாள்! கரும்பலகையில் பெயர் எழுத வேண்டிய மிஸ்ஸிடமே கேட்டாள்! முதல்வர் என்னை முறைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ சொல்லுக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லப் பயந்தது அன்றுதான்.

"யாரும் வற்புறுத்தாம, தானே இஷ்டப்பட்டுன்னு அர்த்தம்மா" என்றேன்.

தேசம்மா எழுந்துவிட்டார். "யாரு இஷ்டப்பட்டது? நானா? எப்போ சார் இஷ்டப்பட்டேன்? விடிய முன்ன எழுந்து ஐஸ்ல கைய விட்டு மீன் வாரிக்கினு கீறனே, எம் பொண்ண வெளிய எடுக்கவா?"

கையெழுத்துக்காகத் திறந்து வைத்திருந்த பேனாவை டயானா எடுத்தாள். அந்தத் தாளின் அடியில், நிறுத்தி நிதானமாக, இரண்டே வரி எழுதினாள்:

'ஐ நாட் வில்லிங். மை மதர் நாட் வில்லிங்.'

முதல்வர் எட்டிப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவர் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? "பாருங்க நீரஜா மிஸ், 'ஐ'க்கு அப்புறம் 'ஆம்' கூடப் போடத் தெரியல!"

தெரியாதா? எனக்கு அன்று வாயில் வராதது இன்று வருகிறது, கேளுங்கள்! அந்தத் தாயை 'ஆம்' போட வைக்கத்தானே ஐயா அந்தத் தாளே அடித்தீர்கள்! அவசரத்தில் 'ஆம்' போடுவாள், அச்சத்தில் 'ஆம்' போடுவாள், அறியாமையில் 'ஆம்' போடுவாள் என்றுதானே பேனாவைத் திறந்து நீட்டினீர்கள்! அந்தப் பிள்ளை 'ஆம்' போடவில்லை! போடவே இல்லை!

நன்றி, தட்டித் தட்டிக் கை வலிக்கப் போகிறது, போதும்.

முதல்வர் தாளைப் பிடுங்கக் கை நீட்டினார். தேசம்மா அதை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்து, "எம் பொண்ணு எழுதுனது சார், எங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு கல்வி அலுவலகத்துக்கே போய்விட்டார். அங்கே அந்தத் தாளைப் பார்த்த அதிகாரி பள்ளிக்கு ஒரு போன் போட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

கதை அத்தோடு இனிப்பாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். குழு வந்தது. முப்பது பிள்ளைகள் முப்பது முறை பனி மனிதன் செய்தார்கள். சான்றிதழும் வந்தது! டயானாவை மட்டும் அன்று நூலகத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு அந்த நூலகத்தில் ஒருவர் உட்கார்ந்து படித்தது அன்று மட்டும்தான். அடுத்த ஜூனில் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டயானா எட்டாம் வகுப்பை அங்கேயே முடித்துவிட்டு, இப்போது வேறு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது 'ஆம்' போடுகிறாள், வேண்டிய இடத்தில் மட்டும்.

அதனால்தான் கேட்கிறேன். ஆங்கிலம் எதற்கு? மாலுக்குப் போய் மணிக்கணக்கில் மழலை பேசவா? மாமா வீட்டுக்கு வந்தால் எழுந்து நின்று பாட்டுப் பாடவா? உன் பெயர் எழுதிய தாளை நீயே படிக்க! புரியாத சொல்லைக் கூச்சமில்லாமல் கேட்க! உனக்கு இஷ்டமில்லை என்றால், தப்பும் தவறுமாகவேனும், உன் கையால் எழுத! இலக்கணத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற முடியுமா?

ஆகவே, என் செல்வங்களே, சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்புக்கு வரும்போது புத்தகம் வேண்டாம். வீட்டில் அம்மா அலமாரியில் புரியாமல் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஆங்கிலக் காகிதம் ஒன்றை எடுத்து வாருங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டோ, கம்பெனி நோட்டீஸோ, எதுவானாலும் சரி. விரல் வைத்துப் படிப்போம். தமிழில் கேளுங்கள்; யார் பெயரையும் பலகையில் எழுத மாட்டேன்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், என் குரலை ஊர் முழுக்கக் கொண்டு சேர்த்த ஒலிபெருக்கித் தோழருக்கும், திட்டு வாங்கியும் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கும் தலைவர் ஐயாவுக்கும் நன்றி கூறி, சனிக்கிழமை உங்கள் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசையோடு அமர்கிறேன். வணக்கம்!