சோப்புப் படாத தோசைக்கல்

நல்லூரில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் என் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். "துணியிலயே கறை வெக்காத எண்ணெய், கல்லுல என்ன பண்ணிரும்?" என்று அவர் கேட்டதும் என் தூக்கம் கலைந்துவிட்டது.

"ஏனுங்க, அப்படி என்ன எண்ணெய் தடவுனீங்க?"

"கொடைக்கானல்ல நானும் கூட்டாளிகளும் டென்ட் போட்ட அன்னிக்கு ஒரே மழை. உன்ற இரும்பு தோசைக்கல்லு நனைஞ்சுருச்சு. துருப்பிடிக்கக் கூடாதுன்னு தொடச்சுத் தடவி வெச்சேன். சோப்பு போடலையே!"

"பன்னெண்டு வருசமா சோப்பே காட்டாம பழக்குன கல்லுங்க அது. என்ன எண்ணெய்னு சொல்லுங்க."

"நல்லெண்ணெய் தீந்துபோச்சு. என்ற மெஷின் ரிப்பேர் டூல்ஸ் பையில மெஷின் ஆயில் இருந்துச்சு."

"தையல் மெஷினுக்கு விடறதா? அந்தக் கல்லுலதானுங்க பாப்பாவ தோசை சுட்டுத் திங்கச் சொல்லிட்டு வந்திருக்கறேன்!"

அந்தம்மா வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். ஸ்பீக்கரில் ஒரு சிறுமியின் குரல் வந்தது.

"கண்ணு, தோசை தின்னுட்டியா?"

"இன்னும் இல்லீங்கம்மா. கல்லுல அப்பா சட்டை வாசம் அடிச்சுது. அதான்…"

"அதான் என்ன பண்ணுன?"

"திட்டாதீங்கம்மா. சோப்பு போட்டு, கம்பி நாருல கருப்பெல்லாம் போற வரைக்கும் தேச்சுப்போட்டேன்."

அந்தம்மாவின் குரல் இறங்கியது.

"இன்னொருக்கா சோப்பு போடு கண்ணு."